கேபிள் பிடுங்கிய பிறகு

கேபிளின் இரண்டு முனைகளும் தூபாவின் கையில்தான் இருந்தன. ஆனாலும் திரையில் ஒரு பாக்கெட் வந்து சேர்ந்திருந்தது.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையிலிருந்து விடாமல் பெய்த மழையில் அபிராமபுரத்துத் தெருக்களெல்லாம் ஊறிப்போயிருந்தன. ஜன்னல் கம்பியிலிருந்து துரு வாசனையும், சுவரிலிருந்து ஈரச் சுண்ணாம்பு வாசனையும், மேஜை மேல் மூடி கழற்றி வைத்திருந்த இரண்டு கம்ப்யூட்டர்களிலிருந்து சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும் ஒன்றாகக் கலந்து, அந்தச் சின்னக் கூடத்தில் வெளியேற வழியில்லாமல் தேங்கி நின்றன. கண் சோர்ந்திருக்கும், தப்பாகப் பார்த்திருப்போம் என்றுதான் நினைத்தாள். எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கிவிட்டு மறுபடி ஓட விட்டாள். கேபிளை மடியில் போட்டுக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம். பிறகு ஒன்று.

தி. நகரில் நெட்வொர்க் கார்டு தயாரிக்கும் ஒரு சின்ன கம்பெனியில் அவளுக்கு வேலை. கார்டை மற்றவர்கள் செய்வார்கள், அதை இயக்கும் டிரைவர் புரோகிராமை அவள் எழுதுவாள். ஆபீஸின் பாதித் தளத்தைக் காலி செய்தபோது சோதனை மேஜை அவள் வீட்டுக்கு வந்துவிட்டது. ஒரு கம்ப்யூட்டர் தகவல் துணுக்குகளை, அதாவது பாக்கெட்டுகளை, அள்ளிக் கொட்டும், மற்றொன்று வாங்கும். நடுவில் எத்தனை தவறிப்போகின்றன என்று பார்த்து, ஒன்றுகூடத் தவறாதபடி செய்வதுதான் அவளுடைய வேலை. கேபிளை எடுத்துவிட்டால் வருவதற்கு எதுவும் இல்லை. தண்ணீர்க் குழாயை அறுத்துப் போட்ட பிறகு வாளியில் தண்ணீர் விழக் கூடாது, அவ்வளவுதான்.

பாலகணேஷுக்குப் போன் செய்தாள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து கூடவே இருப்பவன். இப்போது அவளுக்கு மேலதிகாரி.

"பழைய குப்பையா இருக்கும் தூபா. மெமரியைத் துடைச்சியா?"

"துடைச்சேன்."

"கார்டை மாத்திப் பாத்தியா?"

"மாத்திட்டேன். பழைய டிரைவரைப் போட்டா ஒண்ணும் வரல பாலா. என்னோடதைப் போட்டாதான் வருது."

"அப்ப உன் கோடுலதான் ஏதோ இருக்கு." சிரித்தான். "கஸ்டமர் வர்றதுக்குள்ள சரி பண்ணிடு. இந்த ஆர்டரும் போச்சுன்னா மீதி பாதி ஆபீஸையும் உன் வீட்டுக்கே அனுப்பிடுவாங்க."

பழைய டிரைவருக்கும் அவளுடையதற்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். பழையது சும்மா இருக்கும். பாக்கெட் வந்தால் கார்டு மணி அடிக்கும், கம்ப்யூட்டர் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து வாங்கிக்கொள்ளும். பாக்கெட்டுகள் கோடிக்கணக்கில் வரும் இடத்தில் இது சரிப்படாது. மணிக்கு எழுந்து ஓடியே பொழுது போய்விடும். அதனால் அவள் மணியை அடைத்துவிட்டாள். அவளுடைய டிரைவர் வாசலிலேயே நின்றுகொண்டு, ஓயாமல், கண் இமைப்பதற்குள் ஆயிரம் தடவை எட்டிப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருக்கும். வந்திருக்கிறதா, வந்திருக்கிறதா, யாராவது வந்திருக்கிறார்களா?

கேட்டால்தான் வருகிறது. கேட்காவிட்டால் வருவதில்லை.

இதை பாலாவிடம் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் போனை வைத்துவிட்டான்.

அந்தக் கட்டடத்தில் இப்போது அவள் மட்டும்தான் குடியிருந்தாள். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். தீபாவளிக்குள் எல்லாக் குடும்பங்களும் காலி செய்துவிட்டன. காலியான வீடுகளின் கதவுகளையும் நிலைகளையும் ஜன்னல் கம்பிகளையும் காண்டிராக்டரின் ஆட்கள் பெயர்த்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டதால், படியேறும்போது ஒவ்வொரு தளத்திலும் வீடுகள் பல் பிடுங்கிய வாய் மாதிரி திறந்து கிடந்தன. இரண்டாவது மாடியில் அவள் வீட்டுக்கு மட்டும் கதவு இருந்தது.

போக இடம் கிடைக்கவில்லை என்பதால்தான் இருந்தாள். அம்மி என்று அவள் கூப்பிட்ட அம்மா இந்த வீட்டில்தான் இறந்தாள். தம்பி ஃபராஸ் ஷார்ஜாவிலிருந்து எப்போதாவது வாய்ஸ் மெசேஜ் அனுப்புவான். அதில் பாதிக்கு மேல் பின்னால் விளையாடும் பிள்ளைகளின் சத்தம்தான் கேட்கும். வீடு பார்த்துத் தருவதாகச் சொன்ன புரோக்கர் பொன்ராஜ் அன்று சாயங்காலமும் கூப்பிட்டார்.

"வீடு இருக்கு மேடம். மந்தவெளியிலேயே. ஆனா ஓனர் ஃபேமிலிக்குத்தான் குடுப்பாராம்."

"எவ்வளவு அட்வான்ஸ்னாலும் தர்றேன்னு சொன்னீங்களா அண்ணாச்சி?"

"சொன்னேன் மேடம். தனியா இருக்காங்கன்னும் சொன்னேன். அதுக்குக்கூட யோசிக்கிறேன்னாரு. அப்புறம் பேரைக் கேட்டாரு." அவர் குரல் தாழ்ந்தது. "ரெண்டும் சேந்து வந்தா கஷ்டமா இருக்கு மேடம். வேற பாக்கறேன்."

மறுநாள் கீழே வாசல் கேட்டில் வாட்ச்மேன் வலியுல்லா ஒரு பிளாஸ்டிக் பையில் துணிகளைத் திணித்துக்கொண்டிருந்தார். தெருவில் தண்ணீர் முதல் படியைத் தொட்டுவிட்டது.

"இன்னாமா, நீ இன்னும் இங்கதான் கீறியா? தண்ணி ஏறிக்கினே போவுது பாரு. நான் எம் பொண்ணு வூட்டுக்குப் போறேன். நீயும் எங்கனா போயிடுமா."

"எங்க போறது பாய்?"

குடையை விரித்தவர் நின்று, மாடியைப் பார்த்தார்.

"மேல ஆருமா? சாமான் எடுக்க வந்தாங்களா?"

"மேல யாரும் இல்ல பாய்."

"நானும் அப்டித்தான் நெனச்சேன்" என்றார். லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் தண்ணீரில் இறங்கி நடந்தார்.

அதற்குப் பிறகுதான் அவள் காது கொடுத்துக் கேட்டாள்.

கார்டின் முதுகில் ஒரு சின்னப் பச்சை விளக்கு உண்டு. பாக்கெட் வரும்போது ஒருமுறை மினுக்கும். கேபிள் இல்லாத அந்தத் துளைக்கு மேலே அது மினுக்கியது. மினுக்கிய அதே நொடியில் தலைக்கு மேலே, மூன்றாவது மாடியில், கதவில்லாத அந்த வீட்டுக் கூடத்தில், யாரோ ஒரு அடி எடுத்து வைத்தார்கள். செருப்பில்லாத கால். குதிகால் முதலில் பதிந்து, பிறகு பாதம் மெல்ல ஊன்றும் சத்தம். விளக்கு அணைந்தது. நெடுநேரம் மழை மட்டும். விளக்கு மினுக்கியது. இன்னொரு அடி.

பகல் வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிடலாம் என்று மேலே ஏறினாள். தரை ஓடுகளைப் பெயர்த்துவிட்டிருந்தார்கள். சாரலில் நனைந்த செங்கல் பொடி, மாவு சலித்துக் கொட்டியது போல, சுவருக்குச் சுவர் சமமாகப் பரவியிருந்தது. அதில் ஒரு எலியின் கால் தடம்கூட இல்லை. காற்றில் மட்டும் ஒரு வாசனை. மறந்துபோய் வெகுநாள் மூடியே வைத்துவிட்ட டிபன் பாக்ஸைத் திறந்தால் வருமே, அந்த மாதிரி. அவள் கூடத்தின் நடுவே நின்றாள். கீழே டிரைவரை ஓட விட்டுவிட்டு வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அவள் தோளுக்குப் பக்கத்தில் ஒரு காலடி விழுந்தது.

செங்கல் பொடி அசையவில்லை.

எப்படிக் கீழே வந்தாள் என்பது அவளுக்கு நினைவில்லை. வந்ததும் இரண்டு கம்ப்யூட்டர்களையும் நிறுத்தினாள். கதவைப் பூட்டித் தாழும் போட்டாள். மேலே சத்தம் நின்றது.

நின்றே போயிற்று. அன்று மீதிப் பொழுதெல்லாம் எந்தச் சத்தமும் இல்லை. அடுத்த நாளும் இல்லை. ஃபிரிட்ஜ் முனகி ஓய்ந்தது. ஃபேன் சுற்றியது. சமையலறையில் நின்றுகொண்டே தயிர் சாதம் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவும்போது, எழுந்ததிலிருந்து தன் பேரை ஒருவர்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை என்று திடீரென அவளுக்குத் தோன்றியது. ஃபராஸுக்குப் போன் செய்தாள், எடுக்கவில்லை. தெரு விளக்குகள் எரியவில்லை. தெருவில் தண்ணீர் தேங்கி நின்றதால் ஆட்டோ சத்தமும் இல்லை. ஆள் இல்லாத வீடுகள் மேலேயும் கீழேயும் பக்கத்திலும் அடுக்கிக் கிடக்க, அந்த அடுக்குக்கு நடுவில் ஒரு குழல் விளக்கின் கீழே தான் மட்டும் உட்கார்ந்திருப்பது, வெளியிலிருந்து யாரோ பார்ப்பது போல அவளுக்கே தெரிந்தது.

வேலை முடிய வேண்டுமே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பொத்தானை அழுத்தினாள்.

பச்சை விளக்கு மினுக்கியது. மேலே ஒரு அடி.

அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

பயம் போய்விடவில்லை. ஆனால் அதோடு இருக்கப் பழகினாள். வெயில் முகமே காட்டாத அந்த நாட்களில், டிரைவரைத் திருத்தும்போதெல்லாம் சத்தமும் மாறுவதைக் கண்டுகொண்டாள். அது இன்னும் வேகமாகக் கேட்கும்படி செய்தால் அடிகள் நெருங்கி நெருங்கி விழுந்தன. கொஞ்சம் தளர்த்தினால் தயங்கின. மற்றபடி டிரைவர் பிரமாதமாக ஓடியது. கேபிளைச் செருகி இரண்டு கம்ப்யூட்டர்களையும் முழு வேகத்தில் ஓட விட்டால் ஒன்றுகூடத் தவறவில்லை. பாலா ஆச்சரியப்பட்டான். ஆனால் அவள் சாப்பிட உட்காரும்போது கேபிளைக் கழற்றிவிடுவாள். தட்டை மேஜையில் வைத்துக்கொண்டு, மேலே நடப்பவரின் சத்தத்தைக் கேட்டபடி மெதுவாகச் சாப்பிடுவாள். ஒருநாள் மஃரிப் தொழுகை முடித்து எழுந்தவள், பாதி விளையாட்டாக, கூரையைப் பார்த்து சலாம் சொன்னாள்.

பச்சை விளக்கு மினுக்கவில்லை. எரிந்தது. அணையாமல் எரிந்தது.

மேலே பலர் ஒரே சமயத்தில் எழுந்து நின்றது போலிருந்தது.

அன்றிலிருந்து சத்தம் படிக்கட்டுக்கு வந்துவிட்டது.

முதலில் மேல் தளத்தின் படிகளில். குதிகால், பாதம். குதிகால், பாதம். பிறகு வளைவில். பிறகு அவள் வீட்டு வாசலுக்கு வெளியே. அங்கே வந்ததும் நின்றுவிடும். கதவைத் தட்டவில்லை. கைப்பிடியைத் தொடவில்லை. அடுத்தது மேலேயிருந்து புறப்படும், இறங்கும், நிற்கும். கதவின் கண்ணாடித் துளையில் பார்க்க வேண்டும் என்று நினைத்து எழுந்தவள், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பார்க்கவில்லை.

பாலாவுக்குப் போன் செய்தாள். வெளியே மழை இருட்டு. மணி ஐந்துகூட ஆகவில்லை, விளக்கில்லாமல் கை தெரியவில்லை.

"இன்னுமா அது வந்துட்டு இருக்கு?" என்றான் பாலா. "சரி, இத சொல்லு. அனுப்பினது யாருன்னு பாக்கெட்ல இருக்கும்ல, அந்த அட்ரஸ் எல்லாம் ஒண்ணுதானா?"

அதை அவள் பார்த்ததே இல்லை. உள்ளே வெறுமையாக இருந்ததால் எல்லாம் ஒரே குப்பை என்று விட்டுவிட்டாள். திரையில் பட்டியலை நகர்த்தினாள். மேலே, கீழே, இன்னும் கீழே.

"தூபா? இருக்கியா?"

"வேற வேற பாலா."

"என்ன வேற வேற?"

"ஒவ்வொண்ணும் வேற. ஒண்ணுகூட ரெண்டாவது தடவை வரல."

அவன் ஏதோ சொன்னான். அவள் காதில் விழவில்லை. இத்தனை நாளும் ஒருவர் நடப்பதாகத்தான் நினைத்திருந்தாள். ஒரே ஒருவர், மேலே இருக்கும் தனி ஆள், அவளைப் போல. ஒருவர்தான் இறங்கி வருகிறார், நிற்கிறார், போய்விடுகிறார் என்று. ஆனால் இறங்கும் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கிறாள். ஏறிப் போகும் சத்தம் ஒருமுறைகூட இல்லை. கீழே கேட்டைத் தாண்டிப் போகும் சத்தமும் இல்லை.

வந்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். யாரும் போகவில்லை.

"பாலா, என்னைக் கூட்டிட்டுப் போ." குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "ப்ளீஸ். வீட்ல யாரோ... வெளிய... என்னைக் கூட்டிட்டுப் போ."

எதிர்முனையில் ஏதோ பேச்சு. பிறகு ஒரு பெண் குரல். பாலாவின் மனைவி தீபிகா. கல்யாணத்துக்குப் பிறகு ஒரே ஒரு முறைதான் தூபா அவளைப் பார்த்திருக்கிறாள்.

"அக்கா, ஒரு டிரெஸ்ஸை மட்டும் பையில போட்டுட்டு ரெடியா இருங்க. இவர் கிளம்பிட்டார். வீடு கிடைக்கிற வரைக்கும் எங்க கூடவே இருங்க. இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாக்கா?"

இத்தனை எளிதாக ஒருத்தி கூப்பிடுவாள் என்று தூபா நினைத்துப் பார்த்ததே இல்லை.

"நான் லைன்லயே இருக்கேன்கா. பேசிட்டே இருங்க. பயப்படாதீங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டாள். பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. டிரைவரை நிறுத்தினாள். கம்ப்யூட்டர்களை அணைத்தாள். மின்சார ஒயர்களைச் சுவரிலிருந்தே பிடுங்கினாள். விளக்கு அணைந்தது. அணைந்தே கிடந்தது. அவள் குனிந்து, அதையே பார்த்துக்கொண்டு, மூச்சை அடக்கிக் காத்திருந்தாள்.

சத்தமில்லை.

ஒரு சல்வாரும் அம்மியின் தொழுகை விரிப்பும் பைக்குள் போயின. சார்ஜர். பர்ஸ். அப்போது கரண்ட் போனது. ஃபேன் சுற்றி, தளர்ந்து, நின்றது. ஃபிரிட்ஜ் ஒருமுறை உதறிக்கொண்டு ஓய்ந்தது. அவ்வளவு அமைதியை அவள் கேட்டதே இல்லை. மழைகூட விட்டுவிட்டது.

"அக்கா? இவர் அடையாறு பக்கமா சுத்தி வந்தாராம். உங்க தெரு முனைக்கு வந்துட்டாராம்."

கீழே, தூரத்தில், பைக் ஹாரன். ஒரு தடவை. இன்னொரு தடவை. பாலாவின் குரல், தண்ணீருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "தூபா! இறங்கி வா!"

அவளுக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. பையைத் தோளில் மாட்டினாள். செருப்பைப் போட்டாள். போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு கதவருகே போனாள். காதை வைத்துக் கேட்டாள்.

ஒன்றுமில்லை. மூச்சுக்கூட இல்லை.

சாவியைத் திருப்பினாள். தாழை இழுத்தாள். திறந்தாள்.

முதலில் அந்த வாசனை.

பிறகு டார்ச் வெளிச்சம் விழுந்த இடத்தில் ஒரு கால். செருப்பில்லாத கால். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

வெளிச்சத்தை உயர்த்தினாள்.

படிக்கு ஒருவராக நின்றார்கள். மேலே, வெளிச்சம் எட்டும் வரை. கீழே, வளைவு வரை, வளைவுக்கு அப்பாலும். ஆண்கள். பெண்கள். வேட்டி கட்டிய கிழவர். யூனிஃபார்ம் போட்ட ஒரு சின்னப் பெண். கழுத்தில் ஆபீஸ் அட்டை மாட்டிய ஒருவன். எல்லார் மேலும் செங்கல் பொடி. யாரும் யாரையும் தொடவில்லை. யாரும் அவசரப்படவில்லை. வெகுநேரமாக பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் போல, எல்லா முகங்களும் ஒரே பக்கம் திரும்பியிருந்தன.

அவள் பக்கம்.

"அக்கா?" என்றது போன். "கதவைத் திறந்துட்டீங்களா?"

கீழே ஹாரன் அடித்தது.

கீழே இறங்கும் முதல் படியில் மட்டும் யாரும் இல்லை. ஒரு ஆள் நிற்கும் இடம்.

அதற்கு அடுத்த படியில் நின்ற பெண் அவளை நிமிர்ந்து பார்த்தாள். புடவைத் தலைப்பை ஒதுக்கிக்கொண்டு, சுவரோடு ஒட்டி நகர்ந்து, இன்னும் கொஞ்சம் இடம் விட்டாள்.